மாதிரி விமானங்களின் உந்துசக்தி: எரிபொருளிலிருந்து மின்சாரத்துக்கு

தரையில் நிற்பவர் கையிலுள்ள கருவியிலிருந்து வரும் ரேடியோ அலைகளுக்குக் கட்டுப்பட்டுப் பறக்கும் சிறு விமானங்களை ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானங்கள் என்று அழைப்பர். பொழுதுபோக்காகவும் போட்டி விளையாட்டாகவும் உலகெங்கும் வளர்ந்த இக்கலையில், 1930களின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் எரிபொருள் எஞ்சினே கோலோச்சியது. ஆனால் 2000க்குப் பின் பத்தே ஆண்டுகளில் மின்மோட்டார் அதன் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. எரிபொருளைவிட மின்கலத்தில் அதிக ஆற்றலைச் சேமிக்க முடிந்ததால்தான் இம்மாற்றம் நேர்ந்தது என்ற எண்ணம் பரவலாக உண்டெனினும், அது சரியன்று. ஒரு கிலோ பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 12,000 வாட் மணி ஆற்றல் வெளிப்படும். இன்று மாதிரி விமானங்களில் பயன்படும் லித்தியம் மின்கலம் ஒரு கிலோவுக்கு 130 முதல் 200 வாட் மணி வரையே தரும். இவ்வளவு பெரிய இடைவெளி அப்படியே இருக்க, மின்சாரம் எவ்வாறு முன்னேறியது என்பதை விளக்குவதே இவ்வரலாற்றின் பயன்.

ரப்பரும் பெட்ரோலும்

மாதிரி விமானத்தின் தொடக்ககால உந்துசக்தி முறுக்கிய ரப்பர் இழையாகும். பிரெஞ்சுக்காரரான அல்போன்ஸ் பெனோ 1871 ஆகஸ்டில் பாரிஸ் நகரின் துய்லரி தோட்டத்தில் ரப்பரால் இயங்கிய தம் சிறு விமானத்தை 11 விநாடிகளில் சுமார் 40 மீட்டர் தூரம் பறக்கவிட்டு, நிலையாகப் பறக்கக்கூடிய வடிவமைப்பு சாத்தியமே என்று காட்டினார். அமெரிக்க அறிவியலாளர் சாமுவேல் லாங்லியின் ஆளில்லா விமானம் 1896 மே மாதத்தில் நீராவி எஞ்சினின் துணையுடன் போட்டோமாக் ஆற்றின் மேல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பறந்தது. எனினும் கொதிகலன், நீர், அடுப்பு ஆகியவற்றைச் சுமக்க வேண்டிய நீராவி, சாதாரண ஆர்வலர் கைக்கு எட்டும் வழியாக அமையவில்லை. ஆகவே 1930 வரை மாதிரி விமானம் என்றாலே ரப்பர் விமானம் என்றே பொருள்பட்டது.

இந்நிலையை மாற்றியவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைச் சேர்ந்த பில் பிரவுன் என்னும் இளைஞர். அவர் உருவாக்கிய, சுமார் 10 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடைய சிறிய பெட்ரோல் எஞ்சின், பின்னர் 'பிரவுன் ஜூனியர்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதைப் பொருத்திய விமானத்துடன் அவருடைய நண்பர் மாக்ஸ்வெல் பாசெட் 1933ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேசியப் போட்டியில் ரப்பர் விமானங்களை எளிதில் விஞ்சிவிடவே, எஞ்சின் விமானங்களுக்கெனப் போட்டிகளில் தனிப்பிரிவு வகுக்க வேண்டியதாயிற்று. அக்கால விமானங்கள் எஞ்சின் நின்றதும் காற்றின் போக்கில் மிதந்து, எங்கேனும் இறங்குபவை. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரைச் சேர்ந்த வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர்கள் 1937இல் 'கஃப்' எனப் பெயரிட்ட தம் விமானத்தை ரேடியோவால் திருப்பிப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து, இக்கலைக்கு இன்றைய வடிவைத் தந்தனர். 'கஃப்' இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

ரேடியோ வந்ததும் எஞ்சினின் தேவை மேலும் இறுகியது. வெற்றிடக் குழாய்களும் அவற்றுக்கான உலர் மின்கலங்களும் கொண்ட அக்கால ஏற்பிகள் கனமானவை. அந்தக் கனத்தைத் தூக்கும் திறன் ரப்பருக்கோ அன்றிருந்த மின்மோட்டாருக்கோ இல்லை. ஆகவே ரேடியோ கட்டுப்பாட்டுக் கலை பிறப்பிலேயே எரிபொருளோடு பிணைந்தது.

குளோ பிளக்கின் காலம்

தொடக்ககாலப் பெட்ரோல் எஞ்சின்களுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறிக்காகப் பற்றுச்சுருள், மின்தேக்கி, மின்கலம் ஆகியவற்றை விமானம் வானிலும் சுமக்க வேண்டியிருந்ததோடு, அத்தீப்பொறி ரேடியோ ஏற்பியின் செயல்பாட்டிலும் குறுக்கிட்டது. ஐரோப்பாவில் ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் கலந்த கலவையை அழுத்தத்தாலேயே எரியச் செய்யும் சிறிய டீசல் எஞ்சின்கள் 1940களில் இதற்கு ஒரு தீர்வாயின. அமெரிக்காவில் ரே ஆர்டன் 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்த குளோ பிளக்கோ உலகம் முழுவதும் பரவிய தீர்வாயிற்று.

குளோ பிளக் என்பது பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச்சுருளைக் கொண்ட சிறு திருகாகும். எஞ்சினைக் கிளப்பும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் மின்கலத்தால் அச்சுருளைச் சிவக்கச் சூடேற்றினால் போதும்; எஞ்சின் ஓடத் தொடங்கியபின் ஒவ்வொரு சுழற்சியிலும் எழும் எரிவெப்பமும், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தைத் தொடும்போது நிகழும் வினையூக்கமும் சேர்ந்து சுருளைத் தொடர்ந்து தணலாகவே வைத்திருக்கும் என்பதால், மின்கலத்தைக் கழற்றித் தரையிலேயே விட்டுவிடலாம். கள்ளச்சாராயச் சாவுகளின் காரணியாகத் தமிழ் வாசகர் அறிந்திருக்கும் அதே மெத்தனாலே இதன் முதன்மை எரிபொருள்; பிஸ்டனும் சிலிண்டரும் உராய்ந்து தேயாமலிருக்க விளக்கெண்ணெயும், திறனைக் கூட்ட நைட்ரோமீத்தேனும் அதில் சேர்க்கப்பட்டன.

இவ்வெளிமை எஞ்சினைப் பெருந்தொகையில் உற்பத்தி செய்ய வழிவகுத்தது. கலிபோர்னியாவில் லீராய் காக்ஸ் நடத்திய தொழிற்சாலை ஒரு கன சென்டிமீட்டருக்கும் குறைந்த கொள்ளளவுடைய எஞ்சின்களை இலட்சக்கணக்கில் செய்து, சிறுவர்களின் கைச்செலவுக்கு எட்டும் விலையில் விற்றது. ஜப்பானின் ஒசாகாவில் ஷிகியோ ஒகாவா 1936இல் தொடங்கிய ஓ.எஸ். நிறுவனம், போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் உலகச் சந்தையின் முன்வரிசைக்கு வந்தது. ஆறரை கன சென்டிமீட்டர் எஞ்சின் பொருத்திய, பால்சா மரத்தாலான பயிற்சி விமானமே இரண்டு மூன்று தலைமுறை விமானிகளுக்கு முதற்பாடம் சொல்லித்தந்தது.

அந்த எஞ்சினை ஓட்டுவது கற்றுத் தேற வேண்டிய ஒரு கைத்தொழிலாகவே இருந்தது. எரிபொருள் தொட்டியைக் கைப்பம்பால் நிரப்பி, கார்புரேட்டரின் ஊசித் திருகைச் சில சுற்றுகள் திறந்து, காற்று நுழையும் வாயை விரலால் மூடியபடி புரொப்பெல்லரைச் சுற்றி எரிபொருளை உள்ளிழுத்து, பிளக்கில் மின்கலத்தை மாட்டி, கைக்கு அடிபடாதபடி ஒரு கோலால் புரொப்பெல்லரைத் தட்டிக் கிளப்ப வேண்டும். கிளம்பியபின் ஊசித் திருகைக் கொஞ்சங்கொஞ்சமாக மூடிக்கொண்டே எஞ்சினின் ஒலியைக் காதால் அளக்க வேண்டும்: எரிபொருள் மிகுந்தால் கரகரத்த ஒலியும் புகையும் எழும், குறைந்தால் ஒலி கூர்மையாகி, எஞ்சின் சூடேறி, வானிலேயே நின்றுவிடும். தேர்ந்தவர்கள் விமானத்தின் மூக்கை வானோக்கித் தூக்கிப் பிடித்து, அந்நிலையிலும் ஒலி தளரவில்லை என்று உறுதிசெய்த பின்னரே அதைத் தரையில் விடுவர். பறந்து முடிந்தபின் இறக்கையிலும் உடலிலும் படிந்த எண்ணெயைத் துடைப்பது இத்தொழிலின் கடைசிப் படி. இவ்வறிவு நூல்களைக் காட்டிலும் மைதானத்தில் மூத்தவரிடமிருந்து இளையவருக்கு நேரடியாகக் கைமாறியதே மிகுதி.

ஓசையற்ற பறத்தலை நாடியவர்கள்

எரிபொருள் ஆட்சியின் உச்சத்திலேயே மின்சாரத்தின் கதையும் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தின் கர்னல் எச். ஜே. டாப்ளின் 1957 ஜூன் 30 அன்று, 'ரேடியோ குவீன்' என்ற விமானத்தில் நிலைக்காந்த மோட்டாரையும் வெள்ளி–துத்தநாக மின்கலத்தையும் பொருத்திப் பறக்கவிட்டார். பதிவு பெற்ற முதல் மின்சார ரேடியோ கட்டுப்பாட்டுப் பறத்தல் அதுவே. இதே வடிவ விமானம் டீசல் எஞ்சினுடன் 1954இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்திருந்தது என்பதை நோக்க, ஒரே உடலில் இரு உந்துசக்திகளும் அருகருகே சோதிக்கப்பட்ட அரிய சான்றாக அது விளங்குகிறது. வெள்ளி–துத்தநாக மின்கலம் தன் எடைக்கு மிகுந்த ஆற்றலைத் தரவல்லது. ஆனால் விலை மிகுந்தது, சிலமுறை மின்னேற்றியதும் வலுவிழப்பது. டாப்ளின் தம் முயற்சியை அதற்கு மேல் தொடரவில்லை.

தொடர்ந்தவர் ஜெர்மனியின் ஃபிரெட் மிலிட்கி. கிர்ச்ஹைம் நகரிலிருந்த கிராப்னர் மாதிரி விமான நிறுவனத்தில் பணியாற்றிய அவர், இரும்புக் கருவின்றிச் செப்புக் கம்பிச்சுருளையே கிண்ண வடிவில் சுழலவிட்ட ஃபால்ஹாபர் மோட்டாரைத் தெரிந்தெடுத்தார். இரும்பின் எடையும் அதில் வீணாகும் ஆற்றலும் இல்லாத அச்சிறு மோட்டாரைப் பல்சக்கரங்கள் வழியே பெரிய புரொப்பெல்லரோடு இணைத்தபோது, மிகக் குறைந்த மின்சாரத்திலும் பறத்தல் கைகூடியது. 'சிலென்டியஸ்' என்ற பெயரில் அது வணிகப் பொருளாக வந்தது. அது ரேடியோ இன்றித் தானே பறக்கும் விமானம். 1970களின் தொடக்கத்தில் 'ஹை-ஃபிளை' என்னும் ரேடியோ கட்டுப்பாட்டு மின்விமானமும் தொடர்ந்தது. மிலிட்கியின் பார்வை மாதிரிகளோடு நிற்கவில்லை: 1973 அக்டோபர் 21 அன்று ஆஸ்திரியாவில் ஹைனோ பிர்டிட்ச்கா ஓட்டிச் சில நிமிடங்கள் பறந்த எம்.பி.-இ1, மனிதரைச் சுமந்து மின்சாரத்தால் பறந்த முதல் விமானமாகும். அதன் பின்னிருந்த திட்டம் மிலிட்கியுடையது.

அமெரிக்காவில் இப்பணியை மேற்கொண்டவர்கள் ராபர்ட் பூஷர், ரோலண்ட் பூஷர் சகோதரர்கள். அவர்கள் நிறுவிய ஆஸ்ட்ரோஃபிளைட், மாதிரி விமானங்களுக்கென்றே மின்மோட்டார்கள் செய்தது. அவர்களது 'சன்ரைஸ்' என்னும் ஆளில்லா விமானம் 1974 நவம்பர் 4 அன்று கலிபோர்னியாவில் சூரிய ஒளியால் மட்டுமே இயங்கிப் பறந்து, அவ்வகையில் உலகின் முதலாவதாயிற்று. இளமையில் மாதிரி விமானப் போட்டிகளில் வென்றவரான பால் மெக்கிரெடி வடிவமைத்து, 1981 ஜூலை 7 அன்று மனிதரோடு ஆங்கிலக் கால்வாயைக் கடந்த 'சோலார் சேலஞ்சர்' சூரிய விமானத்திலும் ஆஸ்ட்ரோஃபிளைட்டின் மோட்டார்களே சுழன்றன.

எடையோடு நடந்த நெடும் போராட்டம்

இத்தகைய சாதனைகளுக்குப் பிறகும், 1970கள் முதல் 1990கள் வரை மின்விமானம் மைதானங்களில் சிறுபான்மையாகவே இருந்தது. காரணத்தை அறிய ஆற்றல், திறன் என்னும் இரண்டையும் பிரித்து நோக்க வேண்டும். ஆற்றல் என்பது மொத்தச் சேமிப்பு. எவ்வளவு நேரம் பறக்கலாம் என்பதை அது தீர்மானிக்கும். திறன் என்பது அச்சேமிப்பை எவ்வளவு விரைவாக வெளியே எடுக்கலாம் என்பதைக் குறிக்கும். விமானம் தரையைவிட்டு எழுமா, நேர்செங்குத்தாக ஏறுமா என்பதைத் தீர்மானிப்பது அதுவே. சாதாரணப் பறத்தலுக்கும் எளிய வான்சாகசத்துக்கும் விமானத்தின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஏறத்தாழ 200 வாட் திறன் வேண்டும் என்பது ஆர்வலர்களின் நடைமுறைக் கணக்கு.

அக்காலத்தின் நிக்கல்–காட்மியம் மின்கலத்தை இக்கணக்கில் வைத்துப் பார்க்கலாம். பொம்மைக் கார்களிலும் கம்பியில்லாத் துளைக்கருவிகளிலும் பயன்பட்ட வகையைச் சேர்ந்த ஏழு கலங்களை ஒன்றாகக் கட்டினால் எடை 350 கிராமைத் தாண்டும். அதிலிருந்து 25 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுத்தால் 175 வாட் அளவே கிடைக்கும், அதுவும் நான்கு நிமிடங்களில் தீர்ந்துவிடும். கிடைத்த மின்சாரத்திலும் கணிசமான பகுதி, விலைகுறைந்த ஃபெரைட் காந்த மோட்டாரில் வெப்பமாக வீணாகியது. சுழலும் பகுதிக்குக் கரித்துண்டுகள் வழியே மின்சாரம் செலுத்தும் 'பிரஷ்' அமைப்பு, மிகுந்த மின்னோட்டத்தில் பொறி பறந்து தேய்ந்தது. ஆகவே மின்விமானம் பெரும்பாலும் நீண்ட இறக்கையுடைய மிதவை விமானமாகவே இருந்தது: மோட்டார் அதை உயரத்துக்குக் கொண்டுசேர்க்கும், அதன்பின் மேலெழும் வெப்பக்காற்றில் அது மிதக்கும். பக்கத்தில் ஆறரை கன சென்டிமீட்டர் எஞ்சின் ஒரு குதிரைத்திறன் அளவுக்கு உந்துசக்தி தந்து, கால் லிட்டர் எரிபொருளில் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கையில், இவ்விரண்டில் ஒன்றைத் தேர்வது எவருக்கும் கடினமாக இருக்கவில்லை.

பிற துறைகளிலிருந்து வந்த துணை

இத்தேக்கத்தை உடைத்த மூன்று கண்டுபிடிப்புகளும் மாதிரி விமானங்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. முதலாவது, நியோடிமியம், இரும்பு, போரான் கலந்த வலிய காந்தம். ஜப்பானின் சுமிடோமோ நிறுவனமும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் 1980களின் முற்பகுதியில் தனித்தனியே உருவாக்கிய இக்காந்தம், சிறிய மோட்டாரிலும் பெரும் திருப்புவிசையைப் பெற வழிசெய்தது. இரண்டாவது, மிகுந்த மின்னோட்டத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடவல்ல குறைகடத்திச் சுவிட்சுகளும், அவற்றை இயக்கும் மலிவான நுண்செயலிகளும். இவை வந்தபின், கரித்துண்டுகளை அறவே நீக்கி, மூன்று கம்பிகள் வழியே முறைவைத்து மின்சாரம் செலுத்தும் 'பிரஷ்லெஸ்' மோட்டார் சாத்தியமாயிற்று.

இம்மோட்டாரின் ஒரு வகையைப் பரப்பியதில் ஆர்வலர்களின் கைத்திறனுக்குப் பெரும் பங்குண்டு. 2000க்குப் பிந்தைய முதல் ஆண்டுகளில், பழுதான கணினிகளின் குறுந்தகடு இயக்கிகளிலிருந்து சிறு மோட்டார்களைக் கழற்றி, அவற்றின் மெல்லிய கம்பியை நீக்கித் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றி, உள்விளிம்பில் நியோடிமியம் காந்தத் துண்டுகளை ஒட்டித் தம் விமானங்களில் பலர் பொருத்தினர். கம்பிச்சுருள் நடுவில் அசையாமல் நிற்க, காந்தம் ஒட்டிய வெளிக்கூடு சுழலும் இந்த அமைப்பு 'அவுட்ரன்னர்' எனப்படும். சுழலும் விளிம்பு அகன்றிருப்பதால் திருப்புவிசை மிகுந்து, பல்சக்கரம் ஏதுமின்றியே பெரிய புரொப்பெல்லரை நேரடியாகச் சுழற்றியது. சில கிராம் எடையுள்ள அக்கழிவுப் பொருள்கள் காட்டிய வழியில் தொழிற்சாலைகளும் விரைவில் நடந்தன.

மூன்றாவது, லித்தியம் பாலிமர் மின்கலம். கைப்பேசிகளுக்கும் மடிக்கணினிகளுக்கும் வளர்க்கப்பட்ட லித்தியம் அயனித் தொழில்நுட்பத்தின் இவ்வடிவம், கனமான உலோக உருளைக்குப் பதில் மெல்லிய உறைக்குள் அடைக்கப்பட்டது. மூன்று கலங்கள் கொண்ட, 11.1 வோல்ட், 2,200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி ஏறத்தாழ 180 கிராம் எடையே உள்ளது; ஆயினும் 24 வாட் மணி ஆற்றலைச் சுமந்து, 25 ஆம்பியரில் 250 வாட்டுக்கு மேற்பட்ட திறனை எளிதில் தருகிறது. முன் கூறிய நிக்கல்–காட்மியக் கட்டோடு ஒப்பிட்டால், பாதி எடையில் ஒன்றரை மடங்கு திறன். மோட்டாரின் மேம்பாட்டையும் சேர்த்தால் வேறுபாடு இன்னும் பெரிது. ஆற்றலில் எரிபொருளை நெருங்காவிட்டாலும், திறனில் மின்சாரம் எஞ்சினை எட்டியது. பத்து நிமிடப் பறத்தலையே வேண்டிய ஒரு விளையாட்டுக்கு அது போதுமானதாயிற்று.

இப்பேட்டரிக்கென ஒரு புதிய ஒழுக்கமும் வேண்டியிருந்தது. ஒரு கலத்தை 4.2 வோல்ட்டுக்கு மேல் மின்னேற்றினாலோ, அதன் உறை நசுங்கினாலோ தீப்பற்றும் அபாயம் உண்டு. மூன்று வோல்ட்டுக்குக் கீழ் இறங்கவிட்டால் கலம் பாழாகும். எல்லாக் கலங்களையும் சமநிலையில் மின்னேற்றும் கருவியும், தீத்தாங்கும் பையும், அருகிலிருந்து கவனிக்கும் பொறுமையும் ஊசித் திருகைக் காதால் அளந்த பழைய பயிற்சியின் இடத்துக்கு வந்தன.

2003இல் இரு உந்துசக்திகள்

மின்சாரம் மைதானங்களில் நுழைந்துகொண்டிருந்த அதே வேளையில்தான் எரிபொருள் தன் தலைசிறந்த சாதனையை நிகழ்த்தியது. முதுமையில் பார்வையையும் கேள்வியையும் பெருமளவு இழந்திருந்த அமெரிக்கர் மேனார்ட் ஹில்லின் தலைமையில் உருவான மாதிரி விமானம் ஒன்று, 2003 ஆகஸ்ட் 9 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவிலிருந்து புறப்பட்டு, 38 மணி 52 நிமிடம் பறந்து, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, அயர்லாந்தின் மேற்குக் கரையில் இறங்கியது. கடந்த தூரம் சுமார் 3,030 கிலோமீட்டர். புறப்படும்போது எரிபொருளையும் சேர்த்து எடை ஐந்து கிலோவுக்கும் குறைவு. உந்தியது 10 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடைய நான்கு வீச்சு (ஃபோர்-ஸ்ட்ரோக்) எஞ்சின். அதே எடைக்குள் எந்த மின்கலத்தைச் சுமந்தும் அன்று அக்கடலைக் கடந்திருக்க முடியாது.

ஆனால் பெரும்பான்மையோர் கடல் கடக்க விரும்பவில்லை. ஊருக்கு அருகில், அண்டை வீட்டாரோடு பிணக்கின்றிப் பறக்கவே விரும்பினர். எஞ்சினின் ஓசையால் குடியிருப்புகளிலிருந்து எழுந்த முறையீடுகள் பல நாடுகளில் மைதானங்களுக்கு நெருக்கடியாயின. பிரிட்டனில் 1982இல் வெளியான நெறிமுறை, ஏழு மீட்டர் தொலைவில் அளக்கும்போது மாதிரி விமானத்தின் ஓசை 82 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது. மின்விமானம் இச்சிக்கலைப் பெரிதும் தணித்தது. அதிர்வும் எண்ணெயும் இல்லாததால் எரிபொருள் தாங்கும் பூச்சுகள் தேவையற்றுப்போயின. வலிய பால்சா உடலுக்குப் பதில் அச்சில் வார்த்த நுரைப் பொருளே போதும் என்றாகி, விலை சரிந்தது. வான்சாகசப் பிரிவான எஃப்3ஏ உலகப் போட்டிகளிலும், ஐந்து கிலோ எடையும் இரண்டு மீட்டர் நீளமும் கடவாத விமானங்களில் இன்று மின்மோட்டாரே வழக்கமாகிவிட்டது.

எரிபொருள் முற்றாக விலகிவிடவில்லை. சங்கிலி ரம்ப எஞ்சின்களின் வழிவந்த பெட்ரோல் எஞ்சின்கள் மூன்று மீட்டர் இறக்கையுள்ள பெரிய விமானங்களில் இன்றும் நிலைத்துள்ளன. மண்ணெண்ணெயில் ஓடும் சிறு ஜெட் டர்பைன்களும் அவ்வாறே; 1990களில் ஜெர்மானியர் குர்ட் ஷ்ரெக்லிங், கார்பன் இழையால் வலுவூட்டிய ஒட்டுப்பலகையில் காற்றழுத்திச் சக்கரம் செய்து, வீட்டுப் பட்டறையிலும் அவற்றைக் கட்டலாம் என்று காட்டினார். நலிந்தது இடைநிலையிலிருந்த குளோ பிளக் எஞ்சினே.

நான்கு அவுட்ரன்னர்களின் வேகத்தை விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை மாற்றிச் சமநிலை காக்கும் ட்ரோன், இவ்வரலாற்றின் நேரடி வாரிசாகும். எரிபொருள் எஞ்சினால் அவ்வளவு விரைந்து வேகம் மாற இயலாது. தமிழ்நாட்டின் வயல்களில் மருந்து தெளிக்கும் ட்ரோன்களிலும், சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் தக்ஷா மாணவர் குழு உருவாக்கிய ஆளில்லா விமானங்களிலும், ஆர்வலர்கள் வளர்த்தெடுத்த இதே மோட்டார், வேகக் கட்டுப்பாடு, பேட்டரி என்னும் கூட்டணியைக் காணலாம்.

பயணிகள் விமானங்களும் விரைவில் மின்சாரத்துக்கு மாறிவிடும் என்று நம்புவோர் மாதிரி விமானங்களின் வெற்றியைச் சான்றாகக் காட்டுவதுண்டு. அச்சான்று ஓர் எல்லை வரையே செல்லும். மாதிரி விமானம் மின்சாரத்துக்கு மாறியது, பத்து நிமிடப் பறத்தல் அதற்குப் போதுமானதாக இருந்ததாலும், ஓசையின்மைக்கும் தூய்மைக்கும் அதன் பயனாளர்கள் உயர்ந்த மதிப்புத் தந்ததாலுமே ஆகும். நெடுந்தூரம் செல்ல வேண்டிய விமானத்துக்கு, ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் மணி என்னும் கேள்வியே இன்றும் தீர்ப்புச் சொல்கிறது. அந்தக் கணக்கில் எரிபொருளின் மேலாதிக்கம் இன்னும் குலையவில்லை.